அவளுக்கென்று செய்த ஊசி

ஊசி போட்ட மறுநாள் காலை காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்த மருமகள் தண்ணீருக்குக் கை நீட்டியபோது, மாமியார் டம்ளரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இன்னொருத்தன் உசிரக் குடிச்சவளுக்குத் தண்ணி எதுக்குடி?”

“அத்தை... நாக்கு வறண்டு போச்சு...”

“என் புள்ளைக்கு வாழ்க்கையே வறண்டு போச்சே!”

அந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய். அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, கட்டியை அறுத்தெடுத்தார்கள். கொழுந்தனுக்கு எலும்புவரை பரவிய பிறகுதான் தெரிந்தது. அவள் கட்டியின் அடையாளங்களைப் படித்து, புற்று மிச்சமிருந்தால் அதை மட்டும் தேடி அழிக்க அவள் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் செய்தார்கள். இன்னும் பரிசோதனையில் இருக்கும் மருந்து. பலிக்குமென்று டாக்டர்களே சத்தியம் செய்யவில்லை. மாமியாருக்குப் புரிந்ததோ ஒன்றுதான்... மருமகளுக்குக் கிடைத்தது மகனுக்குக் கிடைக்கவில்லை!

“சின்னப் பையன்டி அவன்! நீ வாழ்ந்து என்னத்தக் கிழிச்சே? ஒரு புள்ள உண்டா?”

கணவன் ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே சொன்னான். “அடுத்த ஊசிய அவனுக்குப் போடச் சொல்லேன். ஒண்ணு குறைஞ்சா செத்தா போயிடுவே?”

“கேட்டேங்க... தம்பி கட்டி வேற, என் கட்டி வேற, அவருக்கு இது பிரயோசனப்படாதுன்னாங்க. நீங்களே ஒருதடவ வந்து டாக்டர்கிட்ட...”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“பொய் சொல்றாடா! உசிராசை பிடிச்சவ!” மாமியார் பிடித்துத் தள்ளியதில் அவள் தரையில் விழுந்தாள்.

“விடும்மா!”

கொழுந்தன் வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினான். “அண்ணி சொல்றது நிஜம். அந்த ஊசி எனக்கு ஆகாது. வேற மருந்தும் இனி இல்ல... போன மாசமே டாக்டர் எங்கிட்டச் சொல்லிட்டார்.”

அவன் அண்ணியின் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

“உங்களத் திட்டிக்கிட்டிருந்த வரைக்கும், எனக்கு ஒரு வழி இருக்குன்னு அம்மா நம்பிக்கிட்டிருந்தாங்க, அண்ணி. அதக் கெடுக்க மனசு வரல... உங்கள வதைபட விட்டுட்டேன்!”

“அழாதீங்க தம்பி...” அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

மாமியார் மகனைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள். “ஊசியத் தர்றேன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதாடி, பாவி!”

மருமகள் கொழுந்தனைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைத்தாள். வலி மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

அவன் கிசுகிசுத்தான். “இங்கேர்ந்து போயிடுங்க, அண்ணி. நீங்களாவது பொழைக்கணும்.”

நாலு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கணவன் வழிமறித்தான்.

“எங்க கிளம்பிட்டே?”

“அக்கா வீட்டுக்கு.”

“நீ போயிட்டா அவன யாரு பாத்துக்குறது?”

“கூடப் பொறந்தவர் நீங்கதானே? நீங்க பாத்துக்குங்க.”

காய்ச்சலில் கால் தள்ளாடியது. ஆனாலும் பையைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.