பதினான்காவது ஆள்

மூன்றாவது விளக்கிலும் பனி இல்லை.

ஞானப்பிரகாசம் மண்வெட்டியைப் பிடித்தபடி விமான ஓடுபாதையின் ஓரத்தில் நின்று அதையே பார்த்தார். மணி ஐந்துதான், ஆனால் ஜனவரியில் டோர்ட்மண்ட் பக்கம் அந்நேரமே வானம் கறுத்துவிடும். மழையாகத் தொடங்கித் தரையில் பட்டதும் கண்ணாடியாக உறையும் அந்தச் சனியன் பிடித்த தூறல் தொப்பியில் சடசடத்தது, பனி உருக்கும் மருந்தின் இனிப்பு வாடை மூக்கை விட்டுப் போக மறுத்தது, பின்னால் அவருடைய பனி அள்ளும் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. விளக்குகளை மூடும் பனியைக் கையால் வெட்டி அகற்றுவது ஜோன்சனின் வேலை. ஜோன்சன் இன்றைக்கு வேலைக்கே வரவில்லை. ஆனாலும் விளக்கைச் சுற்றி யாரோ வட்டமாக, வெகு சுத்தமாக வெட்டி வைத்திருந்தார்கள்.

ஜோன்சன் அவருடைய தங்கை எவ்லினின் கணவன். வுப்பர்டால் நகரில் அவன் அக்கா மகளுக்கு இன்று சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு. தாய்மாமன் தண்ணீர் வார்க்காமல் அது நடக்குமா? மேற்பார்வையாளர் ப்ரிங்க்மனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது, குளிர்காலத்தில் லீவு கிடையாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"மச்சான், என்ர அட்டையையும் சேர்த்து ஒருக்காத் தட்டிவிடுங்கோ" என்று நேற்று ஜோன்சன் கெஞ்சினான். "ஒரு நாள்தானே. என்ர வேலையையும் பார்க்க ஏலாதோ?"

ஏலாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தங்கையின் புருஷன் கேட்டு எப்படி மறுப்பது? காலை ஆறு மணிக்கு வாசல் வருகைப்பதிவு இயந்திரத்தில் இரண்டு அட்டைகளைத் தட்டினார். பதினொரு மணிநேரமாக இரண்டு ஆளின் வேலை. ஐம்பத்தெட்டு வயது முதுகு அதற்குமேல் கேட்குமா?

"ஆரோ புண்ணியவான்" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நான்காவதும் சுத்தம். ஐந்தாவதும் சுத்தம். பத்தாவதற்குப் பிறகு இறங்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பக்கக் கண்ணாடியில், தூரத்து இருட்டில், செம்மஞ்சள் சட்டை ஒன்று குனிந்தது, நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. கையில் டோர்ச் இல்லை. இந்த இருட்டில் அதற்கு எப்படிக் கண் தெரிகிறது? கேட்க வேண்டும் என்று தோன்றியது. இறங்கி நடக்கக் காலில் பலம் இல்லை. பாதையின் கடைசி முந்நூறு மீற்றரை அவர் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று வோக்கி-டோக்கியில் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பதினைந்து நிமிடத்தில் விமானம் இறங்கியது. சக்கரச் சில்லுகள் தரையைத் தொட்ட சத்தம் சரியாகத்தான் கேட்டது. அதன்பிறகு நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. அந்தக் கடைசி முந்நூறு மீற்றரில் மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் வழுக்கிப் போய்ப் பனிவயலில் மூக்கைக் குத்திக்கொண்டு இறக்கைச் செட்டை ஒன்று சரிந்து நின்றது.

பயணிகள் எல்லோரும் அவசரகாலச் சறுக்கிகளில் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் பெரிய காயம் இல்லை. "மாதாவே" என்று அவர் மூச்சு விடுவதற்குள் ப்ரிங்க்மன் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். பட்டியலில் பதினான்கு பேர். வரிசையில் பதின்மூன்று.

"ஜோன்சன் எங்கே? கடைசியாக அவனை எங்கே பார்த்தாய்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். விளக்குகளை யார் பார்த்தது, பாதையை யார் பார்த்தது என்று அடுத்த கேள்வி வரும்.

"கடைசி விளக்குப் பக்கம் நின்றான்" என்றார்.

இருபது தீயணைப்பு வீரர்கள் எண்ணெய் சொட்டும் செட்டைக்குக் கீழே முழங்காலில் தவழ்ந்தார்கள், இல்லாத ஒருவனைத் தேடி. ஒருவர் வழுக்கி விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு அலறினார். ஞானப்பிரகாசம் ஒதுங்கி நின்று ஜோன்சனுக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், இப்பதான் தண்ணி வாத்தது!" ஜோன்சனின் சிரிப்புக்குப் பின்னால் பாட்டும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. "பிறகு எடுக்கிறன், என்ன?"

போனை வைத்தார். அதேநேரம் செட்டைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இருக்கிறான்! உயிரோடு இருக்கிறான்!"

அம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. தங்க நிறத் தாளில் சுற்றிய ஓர் உடம்பு. முகம் முழுக்கப் பனிப்பொருக்கு. சட்டையில் ஜோன்சனின் பெயர் எழுதிய அட்டை.

"நீங்கள் அவருடைய உறவினராமே?" மருத்துவ உதவிப் பெண் எழுதும் பலகையை எடுத்தாள். "இவர்தானே ஜோன்சன்?"

அவருடைய போன் அடித்தது. எவ்லின்.

"அண்ணா, இவருக்கு என்னவோ செய்யுது! நிண்டவர் அப்படியே நிலத்தில இருந்திட்டார். கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. பேரைக் கேட்டால் தன்ர பேர் தெரியேல்லையாம். அண்ணா, கேக்குதோ?"

"உடம்புச் சூடு முப்பத்தொன்று" என்றாள் பெண். "முப்பத்திரண்டு. நன்றாக ஏறுகிறது."

பொருக்கு உருகியது. நெற்றி. மூக்கு. ஜோன்சனின் மூக்கு.

"அண்ணா, மூச்சு விடுறாரில்லை!"

"இது அவன் இல்லை!" ஞானப்பிரகாசம் கத்தினார். "ஜோன்சன் இன்றைக்கு வரவே இல்லை. அவனுடைய அட்டையைத் தட்டியது நான். பொய் சொன்னேன். போய் எல்லோரிடமும் சொல்லுங்கள்!"

வேலை போகட்டும். எல்லாம் போகட்டும்.

"அண்ணா! முழிச்சிட்டார்! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார்!"

வாய்விட்டு அழுதார். அம்புலன்சின் படியில் உட்கார்ந்தார். வருடக்கணக்கான களைப்பு ஒரேயடியாக இறங்கியது.

பெண் பலகையில் எழுதியிருந்த பெயரைக் கோடிட்டு வெட்டினாள். தங்கத்தாள் பக்கம் குனிந்தாள்.

"உங்கள் பெயர் என்ன?"

தாள் சரசரத்தது.

"ஞானப்பிரகாசம்."

அவருடைய சொந்தக் குரல். பிறந்த தேதி சொன்னது. பிறந்த ஊர் மன்னார் என்றது. டோர்ட்மண்ட் வீட்டு இலக்கம். ஒன்றும் பிசகவில்லை. பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு படியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியென்றால் நீங்கள் யார்?"

வாயைத் திறந்தார். குளிரில் அவளுடைய மூச்சு வெள்ளைப் புகையாக எழுந்தது. தாளுக்குள் கிடந்ததன் மூச்சும் எழுந்தது.

திறந்த அவருடைய வாயிலிருந்து புகை வரவில்லை.