பதினொண்ணுக்கு அப்புறம்

முந்தின ராத்திரி கதவோரம் கழற்றி வைத்த ஷூக்களில், வலது கால் ஷூவின் லேஸை யாரோ கட்டி வைத்திருந்தார்கள். கால் இல்லாத ஷூவில் இறுக்கமாக ஓர் இரட்டை முடிச்சு. லைப்ரரிக்காரி ஜென்மத்தில் இரட்டை முடிச்சு போட்டவள் இல்லை. நாள் முழுக்க புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டு வாசலில் காலை உதறினால் ஷூ தானாகக் கழன்று விழ வேண்டும்.

"ஏங்க, என் ஷூவைத் தொட்டீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் புருஷன், குளியலறையிலிருந்து.

முள்கரண்டியை விட்டு நெம்பி அவிழ்த்தாள். ஒரு நகம் போனதுதான் மிச்சம். முடிச்சுக்குள் மண் இருந்தது. ஈரமான, அழுகின இலை வாசனை அடிக்கிற ஓடைக்கரை மண். சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவினாள். அந்தக் குடும்பத்தில் இரட்டை முடிச்சு போடுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, அவளுடைய ஓரகத்தி. அவள் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதையில் நடக்கிற கூட்டம் அவர்களுடையது. பல் டாக்டர்தான் தலைவர். ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார். ஒற்றையடிப் பாதை என்பதால் திரும்பி நின்று தலை எண்ணுவதெல்லாம் நடக்காது. காட்டு வாசல், பெரிய பாறை, பாலம் என்று மூன்று இடத்தில் அவர் விசில் ஊதுவார், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அவரவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். புருஷன் பத்து. லைப்ரரிக்காரி பதினொன்று. ஓரகத்தி பன்னிரண்டு, கடைசி ஆள்; கொழுந்தன் நடக்க வருவதில்லை. இப்போது பன்னிரண்டு யாருக்கும் கிடையாது. பதினொன்றுக்கு அப்புறம் அவளுக்கு மரியாதையாக ஒரு மூச்சு நேரம் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் லைப்ரரிக்காரி பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

எப்படிப் பார்ப்பாள்? போன வருஷம் இதே பாதையில், வாசலில் நின்றுகொண்டு ஓரகத்தி அவளை மாதிரியே பேசிக் காட்டினாள். பதினொன்று சொல்வதற்கு முன்னால் லைப்ரரிக்காரிக்கு ஒரு கனைப்பு வரும். "ம்ஹும்... பதினொண்ணு." அச்சு அசல் அதே குரல். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது, கட்டின புருஷன் உட்பட. லைப்ரரிக்காரியும் சிரித்துத்தான் வைத்தாள். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

பாறையைத் தாண்டின பிறகு, "அக்கா, லேஸ் அவுந்துபோச்சு, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று ஓரகத்தி குனிந்தாள். இவள் நிற்கவில்லை. பாலத்தில் எண்ணிக்கை வந்தபோது பின்னால் ஆளில்லை. தன் எண்ணைச் சொன்னாள். அப்புறம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ஓரகத்தியின் மெல்லிய கீச்சுக் குரலில், "பன்னெண்டு" என்றாள். கொஞ்ச நேரம் தனியாகக் கிடந்து பதறட்டும். வந்து சேர்ந்ததும், "உனக்கும் சேத்து நானே சொல்லிட்டேன்டி" என்று எல்லோர் முன்னாலும் சிரிக்கலாம். அவ்வளவுதான் நினைத்தாள்.

அப்போதுதான் ஆலங்கட்டி கொட்டியது. பாலத்துக்கு அப்பால் நின்ற வண்டிகளுக்கு ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். ஓரகத்தியைக் காணோம் என்று தெரிந்தபோது இருட்டிவிட்டது. பாலத்தில் எண் சொல்லியிருக்கிறாளே, அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கமே தேடினார்கள். மூன்று நாள் தேடினார்கள். மூன்று நாளும் லைப்ரரிக்காரி தேடுகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் இந்தப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் கிடைத்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. இரண்டாவது நாள் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

பாலத்தில் அவள் செய்தது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கொழுந்தன் முகத்திலும் புருஷன் முகத்திலும் எப்படி முழிப்பது?

குளிர்காலம் ஆரம்பிக்கிற மாசத்து வானத்தை நம்பி ஒரு துணி காயப்போட முடியாது. இன்றைக்குக் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. புல்லில் உறைபனி உருகிச் சொட்ட, காய்ந்த இலைகள் ஷூவுக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்க, மரப்பட்டை வாசனையும் தூரத்து விறகுப் புகையும் கலந்து வந்த காற்றை இழுத்தபோது அவளுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மரங்கொத்தி ஒன்று எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. வாசலில் எண்ணிக்கை ஒழுங்காக முடிந்தது. லேஸ் விஷயத்தைப் பிரமை என்று தள்ளிவிட்டாள்.

பாறைக்கு வரும்போது வெயில் போய்விட்டது. தூறல். தூறல் நின்று காற்று. காற்று நின்றதும் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது; முதலில் புதர்களின் கால்களை மறைத்தது, அப்புறம் இடுப்பை. எண்ணிக்கை வந்தது. "பத்து." "ம்ஹும், பதினொண்ணு." மரியாதைக்கான அந்த மௌனம். மரங்கொத்தி இல்லை. காற்று இல்லை. அவள் பிடரிக்குப் பின்னால், மஃப்ளருக்கு வெளியே, யாரோ பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

சட்டென்று திரும்பினாள். பாதை காலியாக இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா போங்க."

"மெதுவாத்தானே போறேன்," என்றார் புருஷன், திரும்பாமலே. பஸ் ஓட்டுகிற மனுஷன். கண்ணாடி இல்லாவிட்டால் பின்னால் பார்க்கவே மாட்டார்.

அவர் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீல ஸ்வெட்டர். இரண்டடி தூரம். மூன்றடி. காலடிச் சத்தங்களை எண்ணினாள். அவருடையது, தன்னுடையது. அப்புறம் இன்னொன்று. ஒரு ஷூ சத்தம், ஒரு வெறுங்கால் ஈரத்தில் பதிகிற சத்தம். ஷூ, வெறுங்கால். ஷூ, வெறுங்கால். அவள் நின்றால் அதுவும் நின்றது.

வலது கால் எதிலோ மாட்டி இழுத்தது.

லேஸ் அவிழ்ந்திருக்கிறது. "ஏங்க, லேஸ் அவுந்துபோச்சு, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொன்ன பிறகுதான், யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்று உறைத்தது. நீல ஸ்வெட்டர் மங்கி, மூடுபனிக்குள் போய்விட்டது.

குனிந்தாள். லேஸ் அவிழவில்லை. அவள் லேஸின் இரண்டு நுனியும் வேறொரு லேஸோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. அந்த லேஸ் இலைக்குவியலுக்குள் போனது. இழுத்தாள். குவியல் அசைந்தது. மண் அப்பின ஒற்றை ஷூ ஒன்று வெளியே வந்தது. வலது கால் ஷூ. காலியாக இல்லாதது போலக் கனத்தது.

விரல்கள் மரத்துவிட்டன. முடிச்சு நகரவில்லை. தன் ஷூவையே கழற்றப் பார்த்தாள். எப்போதும் உதறினால் விழுகிற ஷூ. விழவில்லை. இன்னும் இறுகியது.

முன்னால் விசில். பாலம். நாற்பது அடிகூட இருக்காது.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

வந்துவிடும். தன் முறை வரும்போது கத்தினால் போதும். எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு." "ஒம்பது." "பத்து," என்றார் புருஷன்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ம்ஹும்... பதினொண்ணு."

அச்சு அசல் அவள் குரல்.

பிறகு மௌனம். ஓரகத்திக்கு மரியாதையாக ஒரு மூச்சு நேரம். பாலத்தில் ஒருத்தரும் பேசவில்லை, ஒரு கால்கூட அசையவில்லை. ஒரு முனகல் போதும். ஒரு சுள்ளி ஒடிந்தால் போதும், கேட்டுவிடும். தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முழு பலத்தோடு கத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. தரையைக் கையால் அறைந்தாள். ஈர இலை. அதுவும் சத்தம் போடவில்லை.

"சரி, எல்லாரும் இருக்கோம்," என்றார் பல் டாக்டர். விசில்.

"உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" புருஷன் குரல்.

"லேஸ் கட்டினேன்ல, அதான்." அவள் குரல்.

மூடுபனி ஒரு நொடி விலகியது. பாலத்தின் மேல் அவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் புருஷன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. லைப்ரரிக்காரியின் மஃப்ளர். லைப்ரரிக்காரியின் ஸ்வெட்டர். ஒரு காலில் ஷூ. இன்னொரு கால் வெறுங்கால், நீலம் பாரித்து. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து, காதோரம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன் அக்கா."

வீட்டுக்குப் போய்விடுவாள். சமைப்பாள். அவர் பக்கத்தில் படுப்பாள். யாரும் தேட மாட்டார்கள். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

மூடுபனி திரும்ப மூடியது. முதல் ஆலங்கட்டி அவள் கையில் விழுந்தது. காலடிச் சத்தங்கள் ஓய்ந்தன. வண்டிகள் கிளம்பின, ஒவ்வொன்றாக.

காலில் லேஸ் விறைத்தது.

குனிந்து பார்த்தாள். மண் அப்பின அந்த ஷூ, ஓடைப் பள்ளத்தைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது. அவள் கால் அதோடு இழுபட்டது.

இன்னோர் அடி.