கழற்றாத கேபிள்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். கணினிகளை ஒன்றாகக் கோத்து வைத்த கிளஸ்டர் அறைக்குள் வெயிலுக்கு வேலையில்லை. ஜன்னலே கிடையாது. வரிசையாக அடுக்கிய சர்வர்களின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. எலும்பில் இறங்கும் குளிர். அதில் இருமல் மிட்டாய் வாசனை லேசாகக் கலந்திருந்தது.

கதவுக்கு வெளியே ஏணி போட்டு ஒரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அறையைக் கட்டிக் காத்தவரின் பெயர். எப்போதும் வாயில் இருமல் மிட்டாயோடு இருந்த அவரை எல்லாரும் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டார்களாம். இதே அறையில், அடித்தட்டு சர்வருக்கு எதிரே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சாயங்காலம் அவர் மகள் வந்து பலகையைத் திறந்து வைக்கப் போகிறாள்.

அவர் இடத்துக்கு வந்திருந்த இவளிடம் மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "கீழ இருக்கற அந்த ஒரு மிஷினைத் தொடாதம்மா. மழை ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாவோட பல வருஷக் கணக்கு மொத்தமும் அதுலதான் இருக்கு. வேற நகல் கிடையாது. அதோட நெட்வொர்க் கேபிளைக் கழட்டிட்டு அப்புறம் ஆரம்பி."

"கழட்டிடறேன் சார்" என்றாள். மறந்தாள்.

மற்ற சர்வர்களில் புது சிஸ்டம் ஏற்ற வேண்டும்; வேலை ஒன்றும் பிரமாதமில்லை. சர்வரை இயக்கினால் முதலில் அது, 'நான் யார்? யாராவது சொல்லுங்களேன்' என்று கேபிள் வழியே கூவும். இன்ஸ்டால் சர்வர் அதற்குப் பதில் சொல்லி, டிஸ்க்கைத் துடைத்து, புது சிஸ்டத்தை அனுப்பி வைக்கும். யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும், அவ்வளவு வெள்ளந்தி.

புதிதாக வந்த சர்வர்கள் கூவிக்கொண்டே இருந்தன. பதில் இல்லை. தான் பட்டியலில் சேர்த்த மிஷின்களுக்கு மட்டும் பதில் போகும்படி பெரியப்பா வைத்திருந்தார்; அடித்தட்டு சர்வரை அதில் சேர்க்கவில்லை. புதியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க இவளுக்குப் பொறுமையில்லை. 'யார் கேட்டாலும் கொடு' என்று ஒரே வரியில் மாற்றினாள். எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்து எழுப்பினாள்.

எல்லாம் கேட்டன. எல்லாம் வாங்கிக்கொண்டன.

அடித்தட்டு சர்வரும்தான்.

அதன் பின்புறம் கேபிள், பச்சை விளக்கோடு சமர்த்தாக இருந்தது.

இன்ஸ்டால் சர்வரை நிறுத்திவிட்டு மேனேஜரை அழைத்தாள். நாக்கு தானாகப் புரண்டது.

"சார், மழைக் கணக்கு போயிடுச்சு. பெரியப்பா வச்ச செட்டிங்ஸ்ல குளறுபடி சார். யார் கேட்டாலும் துடைக்கற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கார்."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. "அவரா? கடைசி காலத்துல கவனம் தப்பிடுச்சு போல. டாக்டரம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? இதுக்கப்புறம் பலகை வேற எதுக்கு? இறக்கச் சொல்லிடறேன். அவர் பொண்ணையும் வர வேண்டாம்னு சொல்லிடலாம்."

"சரி சார்" என்றாள். இவ்வளவு சுலபமாக நம்புவார் என்று அவள் நினைக்கவில்லை. சற்று நேரத்தில், கண்ணாடிக்கு வெளியே ஏணிக்காரர் மாட்டிய திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். அவளுக்கு முகம் சுட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

விசிறி இரைச்சலுக்கு நடுவே யாரோ இருமினார்கள்.

திரும்பினாள். காலி நாற்காலி.

அடித்தட்டு சர்வர் தானாக அணைந்தது. தானாக எழுந்தது. அதன் திரையில் 'நான் யார்?' என்ற வழக்கமான கேள்வி ஓடியது.

உடனே பதில் வந்தது.

பதில் சொல்லத்தான் அங்கே எதுவும் இல்லையே! இன்ஸ்டால் சர்வர் அணைந்தே கிடந்தது. வெளியிலிருந்து யாராவது நுழைகிறார்களோ என்று வெளி இணைப்பைத் துண்டித்தாள். பதில் நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஓடின. இருமல் மிட்டாய் வாசனை அவள் தோளருகே வந்து நின்றது.

"யாரு?" என்றாள்.

பாய்ந்துபோய் அந்தக் கேபிளைப் பிடுங்கினாள்.

திரை அப்படியே உறைந்தது. அப்போதுதான் அதில் இருந்ததைப் படித்தாள். மலைச்சரிவு மழை, முதலாம் ஆண்டு. இரண்டாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு. துடைத்துப் போட்ட கணக்கு ஒவ்வொரு ஆண்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. யார் தலையில் பழியைப் போட்டாளோ, அவர்தான் அவள் கெடுத்ததைச் சரிசெய்துகொண்டிருந்தார். இப்போது அதையும் கெடுத்துவிட்டாள்.

கேபிளைத் திரும்பச் செருகப் பார்த்தாள். பிடுங்கிய வேகத்தில் முனை உடைந்திருந்தது. செருகச் செருக நழுவி விழுந்தது.

"பெரியப்பா, மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்தாள். திரை அசையவில்லை. காலி அறையில் மன்னிப்புக் கேட்பது யாருக்கும் சுலபம்தான். அது அவளுக்கே தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, போனை எடுத்தாள்.

"சார், நான் பொய் சொன்னேன். அவர் சரியாத்தான் வச்சிருந்தார். மாத்தினது நான். கேபிளைக் கழட்டாததும் நான்தான்."

"என்னம்மா சொல்றே?"

"பலகையை இறக்காதீங்க சார். அவர் பொண்ணு வரட்டும். அவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்."

மேனேஜர் திட்டினார். நன்றாகவே திட்டினார். தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே ஏணிக்காரர் யாரிடமோ போனில் சலித்துக்கொண்டுவிட்டு, பலகையை மறுபடி தூக்கிப் பிடித்தார்.

திரையில் நின்றுபோன வரி நகர்ந்தது.

நான்காம் ஆண்டு வந்தது. ஐந்தாம் ஆண்டும் வந்தது.

முனை உடைந்த கேபிள் அவள் கையிலேயே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் காலி நாற்காலி கிறீச்சிட்டது. வேலை முடிந்த அலுப்போடு யாரோ அதில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் திரும்பவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பாள்?