மாப்புக்கு ரெட்டைச் சடை

கோவில்பதாகை ரேஷன் கடை முனைக்குத் தினமும் காலையில் ஒரு வேன் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் பாக்கிங் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். அதில் முதலில் ஏறி உட்கார்ந்தவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. சீட் நிறைந்ததும் டிரைவர் கோதண்டம் கதவைச் சாத்திவிடுவார். மீதிப் பேர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஸ்வாதியின் அம்மா வனஜா இன்றைக்கும் திரும்பி வந்துவிட்டாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே அடுப்பு மேடையில் வைத்தாள்.

“இன்னாம்மா, வந்துட்ட?”

“வேன் ரொம்பிட்ச்சி. நீ ஸ்கூலுக்குக் கெளம்பு.”

அம்மாவுக்கு ஏன் தாமதமாகிறது என்று ஸ்வாதிக்குத் தெரியும். காரணம் அவள் தலையிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் அம்மா எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, நிதானமாகத்தான் பின்னுவாள். ஸ்வாதி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேலைக்குப் போன நாளில் அம்மா களைத்து வந்து படுத்துவிடுவாள். அம்மா முழுசாகக் கிடைப்பது காலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை விட்டுக்கொடுக்க ஸ்வாதிக்கு மனசே வரவில்லை.

ஆனால் அந்த டிபன் பாக்ஸ் அவள் கண்ணிலேயே நின்றது.

அன்று சாயங்காலமே அவள் பின்னப் பழக ஆரம்பித்தாள். தன் தலையில் பின்னினால் கை வலித்தது. அப்போதுதான் கதவோரம் சாய்ந்திருந்த நூல் மாப்பு கண்ணில் பட்டது. அதற்கு நிறைய முடி. இழுத்தாலும் அழாது.

ஞாயிற்றுக்கிழமை வீடு துடைக்க அம்மா மாப்பை எடுத்தாள். அது ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாக நின்றது. இது எந்த ஸ்கூலில் படிக்கிறது என்று கேட்டு அம்மா சிரித்தாள். ஸ்வாதி ரிப்பனை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டபோது, ஸ்வாதி சடையோடு வந்து நின்றாள். ஒரு சடை காதுக்கு மேலே ஏறியிருந்தது. இன்னொன்று கழுத்தில் இறங்கியிருந்தது.

“நானே பின்னிக்கினேன். நீ போம்மா, வேன் வந்துடும்.”

அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஸ்வாதி வாசலில் காத்திருந்தாள். அம்மா திரும்பி வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவின் கை படாத தலையோடு பள்ளிக்கூடம் போவது என்னவோ போல இருந்தது. சொல்ல வைத்திருந்த கதை வேறு அப்படியே மிச்சமிருந்தது. அன்று முழுக்க அவள் அம்மாவுக்காக ஏங்கினாள்.

விளக்கு வைத்த பிறகு அம்மா வந்தாள். டிபன் பாக்ஸ் காலியாக இருந்தது. முகம் கழுவியதும் சீப்போடு தரையில் உட்கார்ந்து ஸ்வாதியைக் கூப்பிட்டாள்.

“இப்ப எதுக்கும்மா? காலைல நானே பின்னிக்குவேன்.”

“காலைல நீ பின்னிக்கோ. இது ஸ்கூலுக்கு இல்லடி, எனக்கு.”

அம்மா அந்தக் கோணல் சடைகளை மெதுவாக அவிழ்த்தாள். ஸ்வாதி இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, மிச்சம் வைத்திருந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.