எதுவும் கேட்காத ஆப்

அந்த ஆப் எதையும் கேட்கவில்லை. இஸ்திரிக்காரருக்கு முதலில் இடித்தது அதுதான்.

அதற்கு முன்னால் இறக்கிப் பார்த்ததெல்லாம் வாயைத் திறந்தாலே பிச்சைதான். ஒன்று போனில் இருக்கிற போட்டோவையெல்லாம் பார்க்கணும் என்றது. ஒன்று தெரிந்தவர் தெரியாதவர் நம்பரையெல்லாம் கேட்டது. இன்னொன்றுக்கு மைக் வேண்டுமாம், கேமரா வேண்டுமாம், அவர் எந்நேரமும் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டுமாம். கட்டிய பெண்டாட்டிகூட அவரிடம் இத்தனை கேட்டதில்லை. ஒரு வாரம் இலவசம் என்று பல்லைக் காட்டிய ஒன்று, உள்ளே போனதும் கார்டு நம்பரைப் போடு என்று கழுத்தில் கைவைத்தது. கார்டு இருந்தால் அவர் ஏன் ஓசி ஆப்பைத் தேடுகிறார்? விளம்பரம் ஓட்டிய ஒன்றில் அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு இருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டுச் சுட்டுக் காய்ப்பேறிய அவர் விரல் அதன்மேல் ஒருதரமும் சரியாக விழவில்லை. விழுந்த இடத்திலெல்லாம் வேறு ஏதோ ஒரு சனியன் இறங்கியது.

"ஓசின்னா அப்படித்தாண்ணே இருக்கும்," என்று காலையில் நெட்டை சிரித்திருந்தான். அவர் வேலை பார்க்கிற அதே சலவைக்கடையில் துணிக்குக் கறை எடுக்கிறவன். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருவருக்கும்தான் இடம். வாரவிடுமுறைக்குச் சட்டை போட்டுச் சிங்காரித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இந்த விபிஎன்னு என்னதான்டா பண்ணுது? அதைச் சொல்லு முதல்ல."

"முன்வாசல்ல காவக்காரன் நிக்கிறான்னு வைங்க. நாம பக்கத்து வீட்டுக்குள்ள புகுந்து, அவன் கொல்லைப்பக்கமா வெளிய போயிடறோம். அவ்ளோதான்."

"பக்கத்து வீட்டுக்காரன் சும்மா விடுவானா?"

"காசு குடுத்தா விடுவான். ஓசில விட்டான்னா, எதுக்கு விடறான்னு யோசிக்கணும். பாத்து இறக்குங்க. பேரு தெரிஞ்சதா, ரொம்பப் பேர் வச்சிருக்கறதா இருக்கட்டும். பத்துப் பேர் ஒரே வார்த்தையில புகழ்ந்திருந்தா தொடாதீங்க."

"நீயே ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போயேன்டா."

"என்னுதும் மூணு நாளாச் செத்துக் கிடக்குண்ணே. சாயங்காலம் வந்து பாக்கலாம்."

சாயங்காலம்வரை பொறுக்கிற காரியமா இது? பிழைக்க வந்த இந்த நாட்டில் போனில் குரல் பேசலாம், வீடியோவில் முகம் பார்க்கக் கூடாது. எவன் போட்ட சட்டமோ. பழைய ஆப் ஒன்று இருந்தவரைக்கும் அவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே மறந்துபோயிருந்தது. மூன்று நாளைக்கு முன் அது நின்றது. மூன்று நாளாக அங்கே வீட்டில் அவர் மனைவி சாப்பிடவில்லை.

வாதம் வந்து அவளுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். போனில் இவர் முகத்தைக் காட்டி, "வாயைத் தொறடி கழுதை" என்று ஒரு அதட்டல் போட்டால் மட்டும், நல்ல பக்கத்து உதடு கோணிச் சிரித்து, திறப்பாள். குரலை மட்டும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழுதாள். முகம் வேண்டும் அவளுக்கு.

"தண்ணிகூட இறங்கலப்பா," என்று மகள் காலையில் அழுதிருந்தாள். "நாளைக்கு மூக்குல குழாய் போடணும்னு சொல்லிட்டாங்க. ஏதாச்சும் பண்ணுங்கப்பா. நானும் எவ்ளோதான் கெஞ்சறது?"

ஏதாச்சும் பண்ணத்தான் அவர் மதியம் முழுக்க அந்தச் சின்னப் போன் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பட்டியலைத் தள்ளித் தள்ளி அடிமட்டத்துக்குப் போனபோது அது வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கதவுப் படம். புகழ்ச்சி இல்லை, திட்டும் இல்லை. இறங்கிய வேகத்தில் திறந்தது. அனுமதி கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, விளம்பரம் இல்லை. இரண்டே வரி. எழுத்துக் கூட்டிப் படித்தார். நீங்கள் மற்றவர் வீடுகள் வழியாகப் போகலாம். மற்றவர்கள் உங்கள் வீட்டின் வழியாகப் போவார்கள். கீழே, சரி என்று ஒரு பொத்தான்.

வீடாம் வீடு. இரண்டு கட்டில் போட்ட பொந்து. போறவன் போகட்டும். அழுத்தினார்.

வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டார்; முதல் மணியிலேயே மகள் எடுத்தாள். படம் அத்தனை தெளிவாக அதுவரை வந்ததே இல்லை; மனைவியின் தலையணை உறையில் பிரிந்த நூல்கூடத் தெரிந்தது. மகள் "அப்பா!" என்று கத்தினாள். மனைவியின் நல்ல கண் அகலமாயிற்று.

"என்னடி, பட்டினி கிடந்து யாரை மிரட்டறே? வாயைத் தொற."

திறந்தாள். மகள் மசித்த சாப்பாட்டை ஒரு கரண்டி உள்ளே தள்ளினாள். இன்னொன்று. இஸ்திரிக்காரர் போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் பிடித்தார். மூன்று நாள் எரிச்சலும் ஒரே மூச்சில் இறங்கி, எல்லா ஆப்பையும் செய்தவனையும் மனசுக்குள் மன்னித்துவிட்டார்.

அப்போதுதான் கடைப்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கடைக்குள் போகும், மற்றது பின்சந்துக்கு. கடைக்குள் வெளுத்துத் தேய்த்த துணிகள், ஆள் உயரக் கோட்டும் நீள அங்கியுமாக, பிளாஸ்டிக் உறை போட்டு நீளக் கம்பியில் வரிசையாகத் தொங்கும்; ஷட்டர் இறக்கிய இருட்டில், ஆறிப்போன நீராவியின் புழுக்கமும் சோப்பு வாடையும் கலந்து நிற்க, காற்றே இல்லாத அந்த இடத்தில், கடைவாசலிலிருந்து அறையை நோக்கி, ஒரு உறை சரசரத்து, அடுத்தது சரசரத்து, அதற்கடுத்தது சரசரத்து, யாரோ தோளால் உரசிக்கொண்டே நடந்து வருவதுபோல அந்தச் சத்தம் நிதானமாக வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"டேய் நெட்டை?"

ஒரு வாடை மட்டும் அவரைக் கடந்து போனது. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பின்சந்துக் கதவு கிறீச்சிட்டு, மூடிக்கொண்டது.

எரிச்சல்தான் வந்தது அவருக்கு. பயம் இன்னும் வரவில்லை. "இருடி," என்று போனைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். ஷட்டர் உள்பூட்டு பூட்டியபடி. கம்பியில் கடைசிக் கோட்டு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பின்கதவுக்கு வந்தார். மத்தியானம் தானே போட்ட தாழ்ப்பாள் விலகியிருந்தது. சந்தில் யாரும் இல்லை. மழை. தாழ்ப்பாளை அடித்து இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க விட்டோம்? தொற வாயை."

மனைவி திறக்கவில்லை. அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. அவள் கண் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்றது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து, அவர் தலையைத் தாண்டி, மறு மூலைக்குப் போயிற்று. பிறகு சட்டென்று முதல் மூலைக்கு வந்தது. மறுபடி நகர்ந்தது.

"இங்க பாரு. என்னைப் பாருடி. அங்க என்ன கொள்ளை போகுது?"

நகர்ந்தது. வந்தது. நகர்ந்தது. தெருவோரம் உட்கார்ந்து போகிற ஆட்களைப் பார்க்கிறவளின் கண் அப்படித்தான் போகும்.

மறுபடி உறைகள் சரசரத்தன. இந்தத் தடவை நடுவில் இடைவெளியே இல்லை. ஒரு வாடை வந்தது, மருந்து. பின்னாலேயே இன்னொன்று, குழந்தைக்குப் போடும் பவுடர். ஈரத் துண்டு. கருகிய பால். எவனோ குடித்த சுருட்டு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாடை. ஒவ்வொன்றோடும் அவர் பிடரியில் ஒரு குளிர்ச்சி உரசிவிட்டுப் போயிற்று.

அவர் திரும்பினார். அறை. இரண்டு கட்டில். வேறொன்றுமில்லை.

"அப்பா," என்றாள் மகள். "இன்னைக்கு லீவுன்னீங்களே?"

"லீவுதான். ஏன்?"

"அப்புறம் ஏன் ரூம்ல இவ்ளோ கூட்டம்?"

அவர் போனின் மூலையில் தெரியும் தன் சின்னப் படத்தைப் பார்த்தார். அவர் முகம். பின்னால் சுவர். அவ்வளவுதான்.

"எவ்ளோ பேரும்மா?"

"என்னப்பா, என்னைக் கேக்கறீங்க? உங்க பின்னாலதான போய்ட்டே இருக்காங்க. யாருப்பா இவங்க? ஒருத்தர்கூட உங்களைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்க."

இரண்டாவது வரி அவர் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டின் வழியாகப் போவார்கள்.

அவசரமாக ஆப்பைத் திறந்தார். சாம்பல் கதவு. நிறுத்தும் பொத்தானைத் தேடினார். மேலே இல்லை. கீழே இல்லை. பக்கவாட்டில் தள்ளினால் அசையவில்லை. எதுவும் கேட்காதவன் எதையும் கொடுக்கவும் மாட்டான் போல. எல்லாத் திருட்டு ஆப்பிலும் நிறுத்துவதற்காவது ஒரு பொத்தான் இருந்ததே! படத்தை அழுத்திப் பிடித்தார். கை வேர்த்து வழுக்கியது. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நீக்கவா என்று கேட்டது. நீக்கித் தொலை. போயிற்று. கதவுப் படம் இருந்த இடம் காலி.

சரசரப்பு நின்றது.

மூச்சு விட்டார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். இனி இணைப்பு அறுந்துபோகும். சாயங்காலம் நெட்டை வந்ததும் வேறு ஏதாவது வழி பார்க்கலாம். இரண்டு கரண்டியாவது உள்ளே போயிற்றே.

இணைப்பு அறுந்துபோகவில்லை.

படம் அப்படியே இருந்தது. தலையணை உறையில் பிரிந்த நூல்வரை. ஆப்பே இல்லாமல்.

மனைவியின் கண் இப்போது நகரவில்லை. அது அவருக்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கவாட்டில், அவளுடைய அறையிலேயே, வாசல் இருக்கும் பக்கம் நிலைத்திருந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம்," என்றாள் மகள். "வாசக்கதவு தொறக்கற மாதிரி இருந்துது. நான் பூட்டினேனே."

"போகாத."

"யாருன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"போகாதம்மா! சொன்னாக் கேளு, அங்கயே இரு!"

மகள் போனை ஸ்டூலில் எதன்மேலோ சாய்த்துவைத்தாள். கிண்ணமும் கரண்டியும் அவள் கையோடு போயின. செருப்பில்லாத காலடி நான்கைந்து கேட்டது. நின்றது. "யாருங்க நீங்கள்லாம்?" என்று ஒரு குரல், பாதியில் விட்ட மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மாடி! ஏய், பதில் சொல்லு!"

மனைவி மட்டும் படத்தில். சுவரில் அவள் நிழல். அதன் பக்கத்தில் இன்னொரு நிழல் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சுவர் முழுக்க.

அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். நல்ல பக்கத்துக் கை போர்வையைப் பிடித்தது.

அப்படியே இரு. இறுக்கிக்கோ, என்று மனசுக்குள் வேண்டினார்.

"வாயைத் தொறடி கழுதை."

அவர் பேசவில்லை.

அவர் குரல்தான். கரகரப்பும் அதட்டலும் அவருடையதுதான். போனிலிருந்து வந்தது. அங்கிருந்து, அந்த அறையிலிருந்து. அவர் உதடு ஒட்டிக் கிடந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். கட்டிலோரம் நிற்கிற ஒருவரின் முகத்தை, கீழிருந்து மேலாகத் தேடினாள். கண்டுபிடித்தாள். நல்ல பக்கத்து உதடு கோணிற்று.

சிரித்தாள்.

"தொறக்காத! அது நானில்ல! இங்க பாரு, நான் இங்க இருக்கேன்!" கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். போனை உலுக்கினார். அவள் இமைகூட அசையவில்லை. சிவப்புப் பொத்தானின்மேல் விரல் போய் நின்றது. அழுத்தினால் மறைந்துபோவது அவர் மட்டும்தான். அங்கே நிற்பவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

அவரால் அழுத்த முடியவில்லை.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி உள்ளே வந்தது. நிரம்பியிருந்தது. அதில் இருந்தது மகள் மசித்த சாப்பாடு இல்லை.

அது அசைந்தது.

மனைவி அந்த முகத்தைப் பார்த்தபடியே, மூன்று நாள் பசியோடு, வாயை அகலத் திறந்தாள்.