பூச்சிகளை வழியனுப்ப ஓர் ஒத்திகை

நஜீஹா துபாயில், சத்வாவில் வளர்ந்த பெண். அவள் இதுவரை பார்த்த மழைகளை ஒரு கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். அங்கே நாலு தூறல் விழுந்தால் போதும், டீச்சரே பிள்ளைகளை மைதானத்துக்கு விட்டுவிடுவார். பெரியவர்கள் காரை எடுத்துக்கொண்டு மழை எங்கே பெய்கிறது என்று தேடிப் போவார்கள். நம் ஊரில் மழை வந்தால் ஒதுங்க ஓடுகிறோம். அவர்கள் நனைய ஓடுகிறார்கள்!

அப்படிப்பட்ட பெண்ணை மழை பெய்யும் ஊருக்குக் கூட்டிப் போனால் சும்மா இருப்பாளா?

அவளுடைய வாப்பா செய்கு முகம்மது ஷார்ஜாவில் பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கிறார். சரக்கெல்லாம் ஜப்பானிலிருந்து வரும். ஒவ்வொரு வருடமும் அவர் மட்டும் போய் வருவார். இந்தக் கோடை விடுமுறைக்கு உம்மா ஆபிதாவையும் நஜீஹாவையும் கூடவே அழைத்துப் போனார். நகரத்தில் வேலை முடிந்ததும், "யல்லா, இனி கொஞ்சம் கிராமத்தைப் பாப்போம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

கிராமத்துக்குப் போகும் ரயிலுக்கு ஒரே ஒரு பெட்டிதான். இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று நெல்வயல். வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

"யாருட்ட பேசுறாரு இந்த மனுசன்?" என்றார் வாப்பா.

"நீங்க கடையில தனியாப் பேசலையா? அவராவது சிக்னல்ட்ட பேசுறாரு" என்றார் உம்மா.

அவர்கள் தங்கியது சயூரி ஆன்ட்டியின் வீட்டில். வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடு. மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விடுவார். அந்த வீட்டில் செருப்புக்கு இருந்த சட்டதிட்டம் இருக்கிறதே, அப்பப்பா! வெளிச் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். உள்ளே வேறு செருப்பு. பாய் விரித்த அறைக்குள் போகும்போது அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்கென்று தனிச் செருப்பு, அது கழிவறையைத் தாண்டி வரவே கூடாது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வாப்பா கம்பீரமாக நடந்து வந்தார், கழிவறைச் செருப்போடு. நேரே பாய்மேல்!

சயூரி ஆன்ட்டி பதறாமல் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அவருடைய மகன் கென்தாவால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நஜீஹாவும் குலுங்கினாள். அந்த நிமிடமே இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

மொழிதான் இடித்தது. அதற்கு வாப்பாவின் போன் இருந்தது. கென்தா ஜப்பானிய மொழியில் பேசினால், போனுக்குள் இருக்கும் அம்மா செய்தி வாசிப்பது போல அழகாகத் தமிழில் சொல்வார்.

"நாளை மாலை எங்கள் ஊரில் திருவிழா. நாங்கள் பூச்சிகளை வழியனுப்பி வைப்போம்" என்றது போன்.

"என்னது? பூச்சியையா?"

ஆமாம், பூச்சியைத்தான். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு, ஊரே வரப்புகளில் நடக்குமாம். பயிரைத் தின்னும் பூச்சிகளை ஊர் எல்லைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்களாம். மேளம் அடிக்கப் போவது கென்தா. பத்து வயது ஆனால்தான் மேளம் கிடைக்கும். இந்த வருடம்தான் அவனுக்குப் பத்து.

"கொல்ல மாட்டீங்களா?" என்றாள் நஜீஹா. "எங்க பில்டிங்குக்கு பெஸ்ட் கண்ட்ரோல் அண்ணன் வருவாரு. ஸ்ப்ரே அடிப்பாரு. கலாஸ்! கதை முடிஞ்சுது!"

போனுக்கு 'கலாஸ்' புரியவில்லை. கென்தாவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் குலுங்கிச் சிரித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் சயூரி ஆன்ட்டி வெள்ளைத் துணியும் பஞ்சும் கொண்டு வந்தார். பஞ்சை உருட்டித் துணிக்குள் வைத்து, கழுத்தில் நூலைக் கட்டினால் மொட்டைத் தலைப் பொம்மை தயார். கண்ணும் வாயும் வரைந்து சன்னலில் தொங்கவிட வேண்டும். மறுநாள் வெயில் அடிக்க வேண்டும் என்று ஜப்பானியப் பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்களாம்.

"மழை வேணும்னா?" என்று கேட்டாள் நஜீஹா.

கென்தா பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான்.

எல்லாரும் பொம்மைகளைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள். நஜீஹா மட்டும் திரும்பி வந்தாள். 'பாவம், மழையோட அருமை தெரியாத பிள்ளைங்க' என்று நினைத்துக்கொண்டாள். திருவிழாவும் வந்து மழையும் வந்தால் சந்தோஷம் இரட்டிப்புதானே? தன் பொம்மையை அவிழ்த்துத் தலைகீழாகக் கட்டிவிட்டாள். குறும்புக்காகச் செய்யவில்லை. கென்தா காலையில் துள்ளிக் குதிப்பான் என்று மனதார நம்பினாள்.

விடிந்தபோது மழை கொட்டோ கொட்டு என்று கொட்டியது.

நஜீஹா முற்றத்துக்கு ஓடினாள். கையை விரித்துச் சுற்றினாள். வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். "கென்தா! வா! வா!" என்று கத்தினாள்.

கென்தா வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் மேளம் அடிக்கும் இரண்டு கோல்கள் இருந்தன. அவன் முகத்தைப் பார்த்ததும் நஜீஹாவின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

அப்போது ஊர்த் தலைவர் யமாதா குடை பிடித்துக்கொண்டு வந்தார். சயூரி ஆன்ட்டியும் அவரும் மாற்றி மாற்றிக் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். மழையில் தீப்பந்தம் எரியாது. மேளத்தின் தோல் நனையக் கூடாது. அதனால் திருவிழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

கென்தா எழுந்து உள்ளே போய்விட்டான்.

"அடுத்த ஞாயிறுதானே? அதுக்கா இவ்ளோ வருத்தம்?" என்று சயூரி ஆன்ட்டியிடம் போனை நீட்டினாள் நஜீஹா.

போன் வழக்கம்போலச் செய்தி வாசித்தது. "இவனுடைய தந்தை கப்பலில் பணிபுரிகிறார். இன்று மதியம் வருகிறார். நாளை காலை திரும்பிச் செல்கிறார். இவன் மேளம் வாசித்து அவர் கேட்டதே இல்லை. இதற்காகவே விடுப்பு வாங்கினார்."

நஜீஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடுப்பு என்று போன் சொன்னது லீவைத்தான். லீவு கிடைப்பது எவ்வளவு அரிது என்று சத்வாவில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அழுதுகொண்டே உம்மாவிடம் ஓடினாள். "நாந்தான் உம்மா மழையைக் கொண்டாந்துட்டேன்! பொம்மையைத் தலைகீழாக் கட்டிட்டேன்!"

"அடிப் பைத்தியக்காரி!" உம்மா துண்டால் அவள் தலையைத் துவட்டினார். "மழை அல்லாஹ் கையில இருக்கு. துணிப்பொம்மை கவுந்து தொங்குனா மழை வந்துருமா? அப்டீன்னா நம்ம துபாய்ல பூரா பொம்மையாத்தான் தொங்கும்."

"பொம்மையால மழை வரலன்னாலும், வரணும்னு கேட்டது நாந்தானே உம்மா?"

நஜீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு கென்தாவின் அறைக்குப் போனாள்.

"கென்தா, சன்னல்ல கடைசியாத் தொங்குற பொம்மை என்னோடது. அதைக் கவுத்துக் கட்டுனது நாந்தான். எங்க ஊர்ல மழை வந்தா எல்லாருக்கும் சந்தோஷம். உனக்கும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். சாரி."

போன் அதை ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்தது. கென்தா கோல்களைப் பாய்மேல் வைத்தான். பிறகு மெதுவாக ஏதோ சொன்னான்.

"எனக்கு இப்பொழுது பேச விருப்பம் இல்லை" என்றது போன்.

கதவு மூடிக்கொண்டது. கோபம் வரத்தானே செய்யும்? யாருக்கு வந்தாலும் வரும்.

நஜீஹா வாசலில் வந்து நின்றாள். மழையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுக்கு ஐயப்பன் மாமாவின் நினைப்பு வந்தது. சத்வாவில் அவர்கள் கட்டடத்துக்கு வாட்ச்மேன். அவர் மகளுக்குக் காது குத்துவதற்குத் தை மாதத்தில் நாள் பார்த்திருந்தார்கள். லீவோ ஆடி மாதத்தில்தான் கிடைத்தது. ஆடியில் யாராவது விசேஷம் வைப்பார்களா? ஐயப்பன் மாமா வைத்தார். "எங்களுக்கு லீவு கெடைக்குற நாள்தான் பாப்பா நல்ல நாள்" என்று சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

அப்படியானால் கென்தாவுக்கும் இன்றுதான் நல்ல நாள். நாள் சரி. இடத்துக்கு எங்கே போவது?

முற்றத்தின் அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே டிராக்டர் நின்றது. நஜீஹா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துபாயில் வெயில் கொளுத்தும்போது பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில்!

போனோடு ஒரு குடையையும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஊர்த் தலைவர் மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிட்டு வரப்புப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"சார்! சார்!" மூச்சு வாங்கியது. "அடுத்த ஞாயிறு திருவிழா. சரிதான். ஆனா இன்னைக்கு ஒத்திகை வெக்கலாமே! எங்க ஸ்கூல்ல எல்லாத்துக்கும் ஒத்திகை வெப்பாங்க. டிராக்டர் நிக்கிற கொட்டகையில வெச்சா மேளம் நனையாது. கென்தாவோட வாப்பா இன்னைக்கு மட்டுந்தான் இருப்பாங்க."

யமாதா பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தார். யோசிக்கிறார் போலும்.

"தீப்பந்தம் எரியாதே?" என்றது போன்.

"ஒத்திகைக்கு எதுக்கு சார் தீப்பந்தம்?"

"பூச்சிகள் எப்படிப் போகும்?"

"அதுங்களும் ஒத்திகை பாக்கட்டும் சார்!"

யமாதா விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி நனைந்தேவிட்டார்.

அடுத்த அரை மணி நேரத்தில் திருவிழா மேளமும் வந்து சேர, கொட்டகை அமளிதுமளிப்பட்டது. டிராக்டரை வெளியே எடுக்க வேண்டுமே! "நான் எடுக்குறேன், நான் எடுக்குறேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார் வாப்பா. "இந்த மாடலுக்கு கியர்பாக்ஸ் நம்ம கடையில கெடக்கு புள்ள!"

"கெடக்கட்டும், பாத்துப் பின்னால வாங்க! மேளத்தை இடிச்சுத் தள்ளிறாதீங்க!" என்று உம்மா குடையோடு வழி காட்டினார்.

டிராக்டர் சத்தம் கேட்டுக் கென்தா வெளியே வந்தான். அவனுடைய அம்மா அவனிடம் ஏதோ சொன்னார். அவன் நஜீஹாவை ஒரு பார்வை பார்த்தான். 'பரவாயில்லை' என்றெல்லாம் சொல்லவில்லை. மேளம் வைக்கும் மரச்சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைத் தலையால் காட்டினான். நஜீஹா ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் கென்தாவின் அப்பா வந்து சேர்ந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். திருவிழா தள்ளிப்போன செய்தி வழியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. மகனின் தோளைத் தட்டி, 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நஜீஹாவுக்கு நன்றாகத் தெரியும். சத்வாவில் எத்தனையோ பேர் போனில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள். 'ஒத்திகை இருக்கு!' என்று கத்த வேண்டும்போல வந்ததை அடக்கிக்கொண்டாள். அதைக் கென்தாதான் சொல்ல வேண்டும்.

கென்தா சொன்னான். அவர் கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்தார்.

சாயங்காலம் ஊரே குடை பிடித்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தது. எல்லாரும் திருவிழாவுக்குப் போடும் நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். ஒத்திகைக்கு எதற்கு இந்தச் சட்டை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வெளியே நின்ற டிராக்டரின் விளக்கை வாப்பா போட்டுவிட்டார். கொட்டகைக்குள் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது.

கென்தா கோலை ஓங்கினான். 'தொம்' என்று ஓர் அடி. தகரக் கூரையில் மழை தடதடவென்று விழுந்ததில் அது காதில் விழவே இல்லை. அவன் தடுமாறி நின்றான். அப்பாவைப் பார்த்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

"அடி கென்தா! மழையைவிடப் பலமா அடி!" என்று தமிழிலேயே கத்தினாள் நஜீஹா. போன் வாப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

தொம்! தொம்! தொதொம்! தொதொம்!

இப்போது மழைச் சத்தம் கேட்கவில்லை. மேளம் மட்டுமே கேட்டது. ஊர்க்காரர்கள் சிறு மணிகளைத் தட்டினார்கள். உம்மா தன்னையறியாமல் கைதட்டினார். வயல்பக்கம் திறந்திருந்த கதவு வழியாகச் சத்தம் நெற்பயிர்மேல் பரவிப் போனது. கென்தாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது, அவன் நிறுத்தவில்லை.

அடித்து முடித்ததும் மழைச் சத்தம் திரும்பி வந்தது. கென்தாவின் அப்பா முன்னால் வந்து நின்றார். பெரிய மனிதருக்கு வணக்கம் சொல்வது போல, இடுப்பு வளைய, தன் பத்து வயது மகனுக்குக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு விரலை உயர்த்தி ஏதோ சொன்னார்.

"இன்னொரு தரம்னு கேக்குறாரு" என்றாள் நஜீஹா. அதைச் சொல்லப் போன் தேவைப்படவில்லை.

கென்தா ஒரு கோலை அவளிடம் நீட்டினான். மேளத்தின் மறுபக்கத்தைக் காட்டினான். அவள் தப்பும் தவறுமாக அடித்தாள், அவன் சரியாக அடித்தான். முடிந்ததும் அப்பா மறுபடியும் ஒரு விரலை உயர்த்தினார்.

மூன்றாவது தரமும் அடித்து ஓய்ந்தபோது, அந்த வயலில் மிச்சம் இருந்த பூச்சிகள்கூட, 'ஒத்திகையே இப்படியென்றால் திருவிழா எப்படி இருக்குமோ' என்று மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.