பதில் சொடுக்கு

அது சிள்வண்டுகள் கத்துகிற பருவம் இல்லை. அதனால்தான் புதருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்ததும் அவள் கேமராவை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக். காய்ந்த நெற்று வெயிலில் வெடிப்பது போல இருந்தது, ஆனால் நெற்று இப்படித் தாளம் தப்பாமல் வெடிக்காது. வெட்டுக்கிளி என்றால் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருக்கும். தவளைக்கு அங்கே தண்ணீரே கிடையாது. எந்தப் பூச்சியானாலும் முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே பெயர் சொல்லிவிடுகிற அவளுக்கு, இது யார் என்று பிடிபடவில்லை.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. சில சிள்வண்டு வகைகளில் ஆண் கத்திவிட்டுச் சற்று நிறுத்தும், அந்த இடைவெளியில் பெண் இறக்கையால் டக்கென்று ஒரு பதில் கொடுக்கும். அந்த நேரம் பார்த்து நாம் விரலைச் சொடுக்கினால் போதும், பெண்தான் கூப்பிடுகிறது என்று நம்பி ஆண் பறந்து வந்து கையிலேயே உட்கார்ந்துவிடும். கழுத்து வலிக்க மரம் மரமாக அண்ணாந்து பார்க்காமல் படமெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஏமாற்று வேலைதான். ஆனால் ஒரு படத்துக்காகத்தானே என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

சொடுக்கினாள். புதர் யோசிப்பது போல அமைதியாக இருந்தது. பிறகு டக் என்றது, முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில். அவளுக்குக் குஷி தாங்கவில்லை. மறுபடி சொடுக்கினாள், மறுபடி பதில் வந்தது. வெயிலில் வெந்த மண்ணின் வாசனையும் நசுங்கிய இலையின் கசப்பு வாசனையும் கலந்து வீச, முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே அவளும் அந்தப் பெயர் தெரியாத ஜீவனும் வெகுநேரம் இப்படி மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நெருங்கி வந்தும் புல் அசையவில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரம் முழுக்க அவளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. கரப்பானா, கரையானா, மூட்டைப்பூச்சியா என்று கேட்டு ஆள் அனுப்பி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே பூச்சிகளைத் தேடிக் கேமராவோடு கிளம்பிவிடுவாள். "ஆறு நாள் கொலை, ஒரு நாள் போட்டோ. நல்ல பொழப்புக்கா உனக்கு" என்று கூட வருகிற தங்கை கிண்டலடிப்பாள். தங்கையின் கதை அதைவிட மோசம். காட்டுப்பூ என்றால் உயிர், மகரந்தம் என்றால் ஆகாது. ஒரு பூவிடம் குனிந்தால் நாலு தும்மல், அதற்குப் பிறகு நெஞ்சில் இழுப்பு. வீட்டில் அவளுக்குத் தும்மி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தும்மியின் இறுக்கமான பேண்டில் பாக்கெட் என்பது பேருக்குத்தான். அதனால் இன்ஹேலர் எப்போதும் அக்காவின் இடுப்புப் பையில்தான் இருக்கும்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட செங்கல் சூளை அது. வந்த கொஞ்ச நேரத்திலேயே தும்மி சூளையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். "அக்கா, இங்க வந்து பாரேன்! என்னமா பூத்துக் கெடக்கு!" என்று அங்கிருந்து கத்திச் சிரித்தாள். "இருடி, வர்றேன்" என்றாள் இவள். அப்போதுதான் அந்த முதல் டக் கேட்டது.

வர்றேன் என்று சொல்லி எவ்வளவு நேரம் ஆகிவிட்டது? நிழல்கள் நீண்டுவிட்டிருந்தன. தும்மல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவள் கை தானாக இடுப்புப் பையைத் தடவியது. இன்ஹேலர் உள்ளே இருந்தது.

பூவைப் பார்த்தால் தும்மி மறந்துவிடுவாள், மற்றபடி காட்டில் கத்திக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம் இல்லை. கத்தினால் இருக்கிற பாம்பு, ஓணான் எல்லாம் ஓடிவிடும். ஒருத்தி இரண்டு சொடுக்குப் போட்டால் மற்றவள் ஒரு சொடுக்கில் பதில் தருவாள், அவ்வளவுதான். அவள் இரண்டு முறை சொடுக்கினாள். சூளையின் இடது பக்கத்திலிருந்து உடனே ஒரு பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. "சொன்னா கேக்க மாட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தாள்.

அங்கே தும்மி இல்லை. உடைந்த செங்கல் குவியல், அதன் மேல் படர்ந்த கொடி, கொடி முழுக்க ஊதாப்பூ. பூக்கள் விரிந்து கிடந்தும் ஒரு தேனீ இல்லை, ஒரு ஈ இல்லை. செங்கல் இடுக்குகளில் சிலந்திவலைகள் இருந்தன, ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டிய சிலந்திகளைக் காணோம். எறும்புப்புற்றின் வாய் உள்ளேயிருந்து மண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. மழை வருவதற்கு முன்னால் எறும்புகள் அப்படிச் செய்யும். வானத்தில் மேகமே இல்லை.

காலடியில் ஏதோ துடித்தது. ஓர் அரணையின் வால், வால் மட்டும். பிடிபட்டால் வாலை உதறிவிட்டு அரணை தப்பித்துவிடும், வால் கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். இது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்படியானால் எதுவோ அரணையைப் பிடித்தது இப்போதுதான். அவள் வருவதற்குச் சற்று முன்னால், இதே இடத்தில்.

மறுபடி இரண்டு சொடுக்கு. பதில் பின்னாலிருந்து வந்தது. அவள் புதரை ஆராய்ந்துகொண்டிருந்த அதே இடத்திலிருந்து. ஒரு நொடி கழித்து வலது பக்கத்திலிருந்தும் ஒன்று. கொஞ்ச நேரம் யோசித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தும்மிக்குச் சரியாகச் சொடுக்கவே வராது. அவள் சொடுக்கு எப்போதும் ஈரப் பட்டாசு, பாதியில் புஸ்ஸென்று போய்விடும். இங்கே கேட்பதெல்லாம் சுத்தமான, காய்ந்த, அழுத்தமான சொடுக்கு.

அது இவளுடைய சொந்தச் சொடுக்கு.

மத்தியானம் காரில் வரும்போது தும்மியிடம் ஒரு மின்மினியைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஒரு வகையில் பெண் மின்மினி, வேறு வகைப் பெண்ணைப் போலவே மின்னிப் பதில் கொடுக்கும். காதலி கூப்பிடுகிறாள் என்று ஆசையாக வருகிற ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். "போன மாசம் என்னைப் பொண்ணு பாக்க வந்தானே, அவனைவிட அது எவ்வளவோ யோக்கியம். அது சாப்பிட்டுட்டாவது விட்டுடும்" என்று தும்மி சிரித்த சிரிப்பில் அவளுக்கு ஸ்டியரிங் ஆடிவிட்டது. இப்போது அந்த மின்மினியை நினைத்துப் பார்த்தாள். சொடுக்கிச் சொடுக்கி அவள் ஒன்றைத் தன்னிடம் வரவழைத்திருக்கிறாள். பதில் எப்படித் தர வேண்டும் என்று அதற்குக் கற்றும் கொடுத்திருக்கிறாள்.

வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு வாய் கிழியக் கத்தினாள். "ஏய் தும்மி! எங்கடி இருக்க?"

"ஏய் தும்மி! எங்கடி இருக்க?"

எதிரொலி இல்லை. எதிரொலி தேய்ந்து வரும். இது தேயவில்லை. அவள் குரல், அவள் பதற்றம், கடைசியில் லேசாக உடைந்த அந்த இடம்கூட அப்படியே இருந்தது. இரண்டு ஆள் தூரத்தில் ஒரு புதருக்குள்ளிருந்து அது வந்தது.

ஓடினாள். காரில் தும்மியின் போன் சார்ஜில் கிடக்கிறது, அதற்கு அடித்துப் பயனில்லை. உதவிக்கு ஆள் கூப்பிடலாம் என்று தன் போனை எடுத்தால் சிக்னல் இல்லை. ரோட்டுக்குப் போய்விடலாமா? போய், ஆள் தேடி, திரும்பி வருவதற்குள் தும்மிக்கு மூச்சு இருக்குமா? போன வருடம் ஒரு தடவை உதடு நீலம் பூத்துப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தியதும் நினைவில் இருந்தது. தங்கையை இங்கே விட்டுவிட்டு அந்த வீட்டு வாசலை அவளால் மிதிக்க முடியாது. அழுகை வந்தது. சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க வந்து பாரேன்! என்னமா பூத்துக் கெடக்கு!"

தும்மியின் குரல். பள்ளத்துப் பக்கம், அடர்ந்த முட்புதருக்கு அப்பாலிருந்து. அவள் கால்கள் அந்தப் பக்கம் திரும்பியேவிட்டன. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துச் சிரித்த சிரிப்பு. இவ்வளவு நேரம் மருந்தில்லாமல் பூக்களுக்கு நடுவே கிடக்கிற தும்மியால் அப்படிச் சிரிக்க முடியாது. அது வந்த புதிதில் சிரித்த சிரிப்பு.

எந்த ஒன்றையும் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து இன்னது என்று சொல்லிவிடக் கூடாது. அவளே மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பாள்.

அசையாமல் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள், சத்தம் வராமல். சிரிப்பு மறுபடி வந்தது, அதே சிரிப்பு. அதற்கு அடியில், வேறு திசையில், மிக மெல்லிய ஒரு சத்தம். கிழிந்த துருத்தியை மெதுவாக இழுப்பது போல. அந்த இழுப்பை எத்தனையோ நாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டு அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

சூளைக்குள்ளிருந்து வந்தது.

நெருப்பு மூட்டுவதற்காகக் கட்டிய வளைவு வழியே குனிந்து, கடைசியில் தவழ்ந்து உள்ளே போனாள். உள்ளே கூரை இல்லை. நாலு பக்கமும் கரி படிந்த உயரமான சுவர், மேலே சாயங்கால வானம். பழைய சாம்பல் வாசனை. மூலையில் தும்மி. முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு. உதடு தெரியவில்லை. நகங்கள் நீலம்.

"தும்..."

தும்மி தலையை ஆட்டினாள். வேகமாக. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தங்கை ஒரு தடவைகூடப் பதில் கொடுக்கவில்லை. ஒரு சொடுக்குக்கூட. அக்கா அதனிடம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இவள் இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

இன்ஹேலரை எடுத்தாள். அழுத்தினால் சத்தம் வரும். அழுத்தாவிட்டால் இவள் செத்துப்போவாள். யோசிக்க என்ன இருக்கிறது? தும்மியின் கையை விலக்கி, வாயில் வைத்து அழுத்தினாள்.

புஸ்.

காத்திருந்தாள். வெளியே ஒன்றுமில்லை. சிரிப்பும் நின்றுவிட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள்.

புஸ்.

வளைவின் வாயிலிருந்து பதில் வந்தது. புஸ்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தங்கையைச் சுவரோடு சேர்த்துத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். போகாதே, போகாதே. மூச்சு விடுடி. விடு.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, முன்னைவிடச் சுலபமாக. மருந்து வேலை செய்தது. நகத்தில் நிறம் திரும்பியது. உள்ளங்கைக்கு அடியில் அந்த இழுப்பு தளர்ந்து, தளர்ந்து, நின்றே போனது. பிழைத்துவிட்டாள். தங்கை பிழைத்துவிட்டாள்.

ஆனால் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை.

அதே கிழிந்த துருத்தி. அதே நிதானம். அவள் காதுக்குப் பின்னால். கழுத்தில் காற்று எதுவும் படவில்லை. சத்தம் மட்டும்.

தும்மி கண் இமைக்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் தலை அண்ணாந்தது. இன்னும் அண்ணாந்தது. பின்மண்டை செங்கல்லில் இடிக்கிற வரைக்கும். பிறகும் அவள் கண்கள் மேலே போய்க்கொண்டேயிருந்தன.